வெள்ளம் வடிந்த பின் பள்ளியை மீண்டும் திறப்பது எப்படி?

பாலாற்றில் தண்ணீர் வந்தால் பாலத்தின் மேல் நின்று பார்க்கக் கூட்டம் கூடும் வட்டாரம் நம்முடையது. ஆண்டின் பெரும்பகுதி மணலாகவே கிடக்கும் ஆறு என்பதால், வேலூர், இராணிப்பேட்டை, திருப்பத்தூர் ஆகிய மூன்று மாவட்டங்களிலும் வெள்ளத்துக்கென்று முன்கூட்டியே எழுதி வைத்த ஏற்பாடுள்ள பள்ளிகளைக் காண்பது அரிது. ஆனால் 1903இல் வாணியம்பாடியைச் சூறையாடியதும் இதே ஆறுதான். 2021 நவம்பரில் பாலாற்றோடு பொன்னையாறும் குடியாத்தத்தின் கவுண்டன்யா ஆறும் சேர்ந்து பெருக்கெடுத்தன. அந்த மாதத்தில்தான் பேரணாம்பட்டில் மழையில் ஊறிய சுவர் இடிந்து வீட்டின் மேல் விழுந்ததில் குழந்தைகள் உட்பட ஒன்பது பேர் இறந்தார்கள். அடுத்த மாதமே திருநெல்வேலியில் ஒரு பள்ளியின் கழிப்பறைச் சுவர் விழுந்து மூன்று மாணவர்கள் உயிரிழந்தனர். மாநிலம் முழுவதும் பழுதடைந்த பள்ளிக் கட்டடங்களைக் கணக்கெடுத்து இடிக்கும் வேலை அதன் பிறகே வேகம் பிடித்தது. ஆகவே வெள்ளத்துக்குப் பிந்தைய வாரங்களே பள்ளியைப் பொறுத்தவரை அதிகக் கவனம் வேண்டிய காலம்.

இந்தக் குறிப்புகள் பள்ளி மேலாண்மைக் குழு உறுப்பினர்களுக்கும் தலைமை ஆசிரியர்களுக்கும் எழுதப்படுகின்றன. சீரமைப்பு இழுபடும்போது நிதி இல்லை என்பதைத்தான் எல்லோரும் காரணமாகச் சொல்கிறோம். பல இடங்களில் உண்மைக் காரணம் வேறு: சேதத்தைக் கழுவித் துடைத்த பிறகு அதற்குச் சான்று இல்லாமல் போகிறது, அல்லது மனு தனக்குச் சம்பந்தமில்லாத அலுவலகத்தில் கிடந்து உறங்குகிறது. இவ்விரண்டையும் தவிர்ப்பது நம் கையில் இருக்கிறது.

கட்டடம் யார் பொறுப்பில் இருக்கிறது?

பள்ளிக் கல்வித் துறைதான் எல்லாவற்றுக்கும் பொறுப்பு என்று பெற்றோர் நினைப்பது இயல்பு. ஊராட்சி ஒன்றியத் தொடக்கப் பள்ளியிலும் நடுநிலைப் பள்ளியிலும் ஆசிரியர்கள் வட்டாரக் கல்வி அலுவலரின் கீழ் வருகிறார்கள். கட்டடமோ ஊராட்சி ஒன்றியத்தின் பொறுப்பு. எனவே பழுது பற்றிய கடிதம் வட்டார வளர்ச்சி அலுவலருக்கும், அதன் நகல் வட்டாரக் கல்வி அலுவலருக்கும் போக வேண்டும். அரசு உயர்நிலை, மேல்நிலைப் பள்ளிகளின் கட்டடங்களைப் பொதுப்பணித் துறையின் பொறியாளர்கள் பார்க்கிறார்கள். கடிதம் முதன்மைக் கல்வி அலுவலர் வழியாகச் செல்லும். மாநகராட்சி, நகராட்சிப் பள்ளிகளுக்கு அந்தந்த உள்ளாட்சியின் பொறியியல் பிரிவு. ஆதிதிராவிடர் நலப் பள்ளிகளும், ஜவ்வாது மலையில் உள்ள பழங்குடியினர் உண்டு உறைவிடப் பள்ளிகளும் வேறொரு துறையின் கீழ் இயங்குகின்றன. மலையில் வனத்துறை நடத்தும் பள்ளிகளும் உண்டு. அரசு உதவி பெறும் பள்ளி என்றால் கட்டடம் நிர்வாகத்தின் பாடு. ஒரே வளாகத்தில் இருக்கும் அங்கன்வாடியும் சத்துணவு மையமும் இன்னும் வேறு கணக்கு.

இதோடு வருவாய்த் துறையையும் சேர்த்துக்கொள்ள வேண்டும். பலரும் தவற விடுவது இதைத்தான். 2005ஆம் ஆண்டின் பேரிடர் மேலாண்மைச் சட்டப்படி மாவட்டப் பேரிடர் மேலாண்மை ஆணையத்தின் தலைவர் மாவட்ட ஆட்சியர். கிராம நிர்வாக அலுவலரிடம் தொடங்கி, வருவாய் ஆய்வாளர், வட்டாட்சியர் என்று மேலே ஏறும் சேதப் பட்டியலே மாவட்டத்தின் கணக்காகிறது. ஒன்றிய அரசு 75 விழுக்காடும் மாநில அரசு 25 விழுக்காடும் பங்களிக்கும் மாநிலப் பேரிடர் நிவாரண நிதியிலிருந்து, சேதமடைந்த தொடக்கப் பள்ளிகளின் உடனடிப் பழுதுபார்ப்புக்குச் செலவிட விதிமுறைகளில் இடம் இருக்கிறது. ஆனால் வட்டத்தின் சேதப் பட்டியலில் பெயர் இல்லாத பள்ளியை அந்த நிதி தேடி வராது. கல்வித் துறைக்கு அனுப்பும் அறிக்கையின் நகலைக் கிராம நிர்வாக அலுவலரிடம் கொடுத்து, பெற்றுக்கொண்டதற்குத் தேதியுடன் கையொப்பம் வாங்கி வைப்பது ஒரு மணி நேர வேலைதான்.

முதல் நாள்: துடைப்பத்துக்கு முன் கைப்பேசி

தண்ணீர் வடிந்ததும் ஊர் இளைஞர்கள் துடைப்பத்தோடு வந்து நிற்பார்கள். அவர்களை வாசலிலேயே சற்று நிறுத்தி வையுங்கள். மின்வாரியப் பணியாளர் வந்து இணைப்பைத் துண்டித்ததை உறுதி செய்யும்வரை யாரும் உள்ளே நுழையக் கூடாது. ஈரச் சுவரில் மின்கசிவு இருந்தால் கண்ணுக்குத் தெரியாது. மேசைகளுக்கு அடியிலும் விறகு, விளையாட்டுப் பொருள்கள் வைத்த அறையிலும் பாம்பு ஒதுங்கியிருக்கும் என்ற எண்ணத்தோடே, நீண்ட கழியால் தட்டிவிட்டு நுழைய வேண்டும். அவசரத்துக்கு மாவட்டக் கட்டுப்பாட்டு அறையின் எண் 1077.

பிறகு படம் எடுங்கள். முதல் படத்தில் பள்ளியின் பெயர்ப் பலகை தெரிய வேண்டும்; இல்லாவிட்டால் எந்தப் பள்ளியின் சுவர் என்று பின்னால் யாராலும் சொல்ல முடியாது. ஒவ்வோர் அறையிலும் வாசலில் நின்று ஒன்று, எதிர் மூலையில் நின்று ஒன்று என எடுங்கள். சுவரில் தண்ணீர் நின்ற பழுப்புக் கோடு இருக்கும். அதன் அருகே கரும்பலகைக்குப் பயன்படும் மர அளவுகோலைத் தரையிலிருந்து செங்குத்தாக நிறுத்தி, அளவு தெரியும்படி ஒரு படம் எடுத்துவிட்டால், எவ்வளவு உயரத்துக்குத் தண்ணீர் ஏறியது என்பதில் பிற்பாடு வாக்குவாதத்துக்கு இடமிருக்காது. சுண்ணாம்பு அடித்த மறுநாள் அந்தக் கோடு போய்விடும். நனைந்த மேசை, பெஞ்சு, கணினி, ஸ்மார்ட் போர்டு, ஆய்வகப் பொருள்கள், நூலகப் புத்தகங்கள் ஆகியவற்றை இருப்புப் பதிவேட்டின் வரிசை எண்ணோடு ஒத்துப் பார்த்துப் பட்டியலிட வேண்டும். ‘புத்தகங்கள் சேதம்’ என்று பொதுவாக எழுதிய வரியை எந்தத் தணிக்கையாளரும் ஏற்க மாட்டார்.

நனைந்த பதிவேடுகள்

மேசையை மறுபடி வாங்கிவிடலாம். சேர்க்கைப் பதிவேட்டை வாங்க முடியாது. பள்ளிக் கல்வித் துறையின் இணையத் தளமான எமிஸில் இப்போதைய மாணவர்களின் விவரம் பத்திரமாக இருக்கும். முப்பது ஆண்டுக்கு முன் படித்தவர் பிறந்த தேதிக்கும் சாதிச் சான்றுக்கும் வந்து நின்றால், அந்தப் பழைய தடித்த பதிவேடு ஒன்றே ஆதாரம்.

நனைந்த பதிவேட்டை வெயிலில் விரித்துப் போடுவது நம்மவர்களின் முதல் யோசனை. அப்படிச் செய்தால் தாள் அப்பளமாக முறுகி, விரித்த இடத்தில் உடையும். நிழலில், காற்றோட்டம் உள்ள அறையில், மின்விசிறியின் எதிரே வைத்து மெதுவாக உலர்த்த வேண்டும். சேறு ஒட்டியிருந்தால் ஈரமாக இருக்கும்போது தேய்க்கக் கூடாது. பேனா மை அதோடு வந்துவிடும். காய்ந்த பின் மெல்லிய தூரிகையால் தட்டினால் போதும். சில பக்கங்களுக்கு ஒன்றாக அச்சில்லாத வெள்ளைத் தாளைச் செருகி, அது ஈரம் குடித்ததும் மாற்றிக்கொண்டே இருங்கள். செய்தித்தாளைச் செருகினால் அதன் மை பதிவேட்டில் இறங்கும். ஒட்டிக்கொண்ட பக்கங்களை இழுத்துப் பிரிக்க வேண்டாம். பாதி உலர்ந்த நிலையில் எலும்புத் தகடு போன்ற மெல்லிய, கூரில்லாத ஒன்றைச் செருகினால் பெரும்பாலும் தாமே விலகும். படிக்க முடிகிற ஒவ்வொரு பக்கத்தையும் உலரும் வேளையிலேயே படம் எடுத்துவிடுங்கள். பூஞ்சை பிடித்தால் பிறகு வாய்ப்பில்லை. முற்றிலும் அழிந்தவற்றுக்குத் தனிப் பட்டியல் எழுதி, குழுக் கூட்டத்தில் பதிவு செய்து, வட்டாரக் கல்வி அலுவலருக்கு அனுப்ப வேண்டும்.

சுவரும் தண்ணீரும்

எந்த அறையில் பிள்ளைகள் உட்காரலாம் என்பதைப் பொறியாளர் எழுத்தில் சொல்ல வேண்டும். அவர் வருவதற்குச் சில நாள் ஆகலாம். அதுவரை ஐயத்துக்குரிய அறையைப் பூட்டுங்கள். காத்திருக்கும் நாட்களில் நாம் செய்யக்கூடிய ஒரு வேலை இருக்கிறது. சுவரில் விரிசல் தென்பட்டால் அதன் இரு முனைகளிலும் பென்சிலால் சிறு குறுக்குக் கோடு போட்டு, பக்கத்தில் தேதி எழுதுங்கள். சில நாளில் விரிசல் கோட்டைத் தாண்டிப் போயிருந்தால் சுவர் இன்னும் நகர்கிறது என்று பொருள்; அந்தத் தகவலைப் பொறியாளரிடம் முதலில் சொல்லுங்கள். மேற்கூரையில் கம்பி வெளியே தெரிவது, பூச்சு தட்டினால் ‘டொக்கு’ என்று வெற்றொலி கேட்பது, கதவு திடீரென்று நிலையில் சிக்குவது ஆகியவையும் கவனிக்க வேண்டியவை. வகுப்பறையை எல்லோரும் பார்ப்பார்கள். சுற்றுச்சுவரையும் கழிப்பறைச் சுவரையும் யாரும் பார்ப்பதில்லை. பிள்ளைகள் இடைவேளையில் சாய்ந்து நிற்பது அங்கேதான். ஆபத்தான சுவருக்கு முன் கயிறு கட்டினால் பிள்ளைகள் அதைத் தாண்டிக் குதிப்பார்கள். முள்வேலியோ தகரத் தடுப்போ வைப்பதே பயன் தரும்.

கிணற்றிலும் தொட்டியிலும் உள்ள பழைய நீரை இறைத்து, அடிச்சேற்றை வாரி, சுவரைத் தேய்த்துக் கழுவிய பின் புது நீரில் பிளீச்சிங் பவுடர் கலக்க வேண்டும். ஆயிரம் லிட்டருக்கு ஏறக்குறைய இரண்டரை கிராம் என்பது வழக்கமான அளவு. பவுடரை நேரடியாகக் கொட்டாமல் வாளியில் கரைத்து, சுண்ணாம்பு படிய விட்டு, தெளிந்த நீரை மட்டும் ஊற்றி, ஒரு மணி நேரம் கழித்துப் பயன்படுத்தலாம். வெள்ளக் கலங்கலுக்கு இந்த அளவு போதாமல் போகலாம் என்பதால், சுகாதார ஆய்வாளரை அழைத்துக் குளோரின் அளவைச் சோதித்துக்கொள்வது நல்லது. நனைந்த சத்துணவு அரிசியை உலர்த்திச் சமைக்கும் யோசனைக்கே இடம் தர வேண்டாம். அமைப்பாளர் எடை போட்டு எழுதி, ஒன்றிய அலுவலகத்துக்குத் தெரிவித்துப் புது இருப்புக் கேட்க வேண்டும்.

சேற்றை அள்ளும் வேலையில் மாணவர்களை இறக்குவது எங்குமே தகாது. வாணியம்பாடி, ஆம்பூர், இராணிப்பேட்டை போலத் தோல் பதனிடும் தொழில் நீண்டகாலமாக நடந்துவரும் ஆற்றோர ஊர்களில், அந்தச் சேற்றில் என்னென்ன கலந்து வந்திருக்கும் என்று யாரும் உறுதி சொல்ல முடியாததால், அது இரட்டிப்பாகத் தகாது.

பள்ளி நிவாரண முகாமாக இருந்தால்

ஊரில் மேடான கட்டடம் பள்ளியாகவே இருப்பதால் முகாம் அங்கேதான் அமையும். அதை மறுப்பதில் நியாயமில்லை. ஆனால் எந்த அறைகள், எந்தத் தேதியிலிருந்து என்று வட்டாட்சியர் அலுவலகத்திடம் எழுத்தில் கேட்டு வாங்குங்கள். பதிவேடுகள் உள்ள அறையையும் ஆய்வகத்தையும் ஒப்படைக்க வேண்டாம். முகாம் முடிந்ததும் கழிப்பறைச் சுத்தம், குப்பை அகற்றல், உடைந்த குழாய் ஆகியவை சரிசெய்யப்பட்ட பிறகே சாவியைத் திரும்பப் பெற்றுக் கையொப்பம் இடுங்கள்.

பிள்ளைகள், புத்தகங்கள், சான்றிதழ்கள்

முதல் வாரத்தில் வருகைப் பதிவேட்டைப் பார்த்து, வராத பிள்ளை ஒவ்வொருவரின் வீட்டுக்கும் யாராவது ஒருவர் போய்வர வேண்டும். பீடி சுற்றும் வீடுகளிலும் கைத்தறி வீடுகளிலும் இருந்த சரக்கு நனைந்து வருமானம் நின்றால், மூத்த பிள்ளையை வேலைக்கு அனுப்பும் முடிவு சத்தமில்லாமல் எடுக்கப்பட்டுவிடும். குடும்பம் உறவினர் ஊருக்குப் போயிருந்தால், பிள்ளையை அங்கே உள்ள பள்ளியில் உடனே சேர்க்கலாம் என்று சொல்லுங்கள். மாற்றுச் சான்றிதழ் வரத் தாமதம் என்பதையோ வயதுச் சான்று இல்லை என்பதையோ காட்டி, எட்டாம் வகுப்பு வரையிலான சேர்க்கையை மறுக்கக் கூடாது என்று 2009ஆம் ஆண்டின் கல்வி உரிமைச் சட்டம் தெளிவாகச் சொல்கிறது.

பாடநூல், நோட்டு, சீருடை, புத்தகப்பை இழந்தவர்களின் பட்டியலை வகுப்பு வாரியாக எழுதுங்கள். பேரணாம்பட்டு, மேல்விஷாரம் போன்ற ஊர்களில் உருது வழிப் பிள்ளைகளும், ஆந்திர எல்லையோரத்தில் தெலுங்கு வழிப் பிள்ளைகளும் இருப்பதால் பயிற்றுமொழியையும் குறிப்பிட வேண்டும். குறிப்பிடாவிட்டால் தமிழ் வழி நூல்களே வந்து இறங்கும்.

மதிப்பெண் சான்றிதழ் போய்விட்டதே என்று பழைய மாணவர்களும் வருவார்கள். முதலில் டிஜிலாக்கர் என்ற அரசின் மின்னணு ஆவணப் பெட்டகத்தில் இருக்கிறதா என்று பார்க்கச் சொல்லுங்கள். இல்லையென்றால், பத்தாம், பன்னிரண்டாம் வகுப்புச் சான்றிதழ்களின் இரண்டாம்படியைத் தருவது அரசுத் தேர்வுகள் இயக்ககம். பெரிய வெள்ளங்களுக்குப் பிறகு, 2015இல் சென்னையில் நடந்ததைப் போல, கட்டணமில்லாமல் நகல் சான்றிதழ் பெறுவதற்குச் சிறப்பு முகாம்கள் அறிவிக்கப்படுவதுண்டு. அவசரப்பட்டு இடைத்தரகருக்குப் பணம் கொடுக்க வேண்டாம்.

தீர்மானமும் பின்தொடர்தலும்

2024இல் மறுகட்டமைக்கப்பட்ட பள்ளி மேலாண்மைக் குழுவில் 24 உறுப்பினர்கள், பெற்றோரே பெரும்பான்மை. வெள்ளத்துக்குப் பிறகு சிறப்புக் கூட்டம் கூட்டி, சேத விவரம், பூட்டப்பட்ட அறைகள், மாற்று இடம், கேட்கும் உதவி ஆகியவற்றைத் தனித்தனித் தீர்மானங்களாக எழுதுங்கள். எல்லாவற்றையும் ஒரே தீர்மானத்தில் அடைத்தால், ஒரு கோரிக்கை நிறைவேறியதும் கோப்பு முடிந்ததாகிவிடும். நவம்பர் 1 உள்ளாட்சிகள் தினக் கிராம சபை மழைக்காலத்தின் நடுவே வருவது நமக்கு வசதி. அங்கேயும் தீர்மானம் போடலாம். அசைவில்லை என்றால், திங்கட்கிழமை குறைதீர்வு நாளில் ஆட்சியர் அலுவலகத்தில், வேலூர்க்காரர்களுக்குச் சத்துவாச்சாரியில், மனு கொடுத்து எண்ணை வாங்கி வையுங்கள். பழுது பார்க்க முடியாத கட்டடத்தை ஊரார் தாமே இடிக்கக் கூடாது. பொறியாளரின் அறிக்கையும் உரிய அனுமதியும் வேண்டும். இடித்த இடத்துக்குப் புது வகுப்பறையைப் பேராசிரியர் அன்பழகன் பள்ளி மேம்பாட்டுத் திட்டம் போன்றவற்றில் கேட்கலாம். அதுவரை மகளிர் குழுக் கட்டடமோ சமுதாயக் கூடமோ கைகொடுக்கும்.

கடைசியாக வேலைநாள் கணக்கு. ஆட்சியர் விடுமுறை அறிவித்த நாட்களும் முகாம் நடந்த நாட்களும் சேர்ந்து பாடத்தை விழுங்கிவிடும். ஐந்தாம் வகுப்பு வரை 200 நாட்களும், ஆறு முதல் எட்டு வரை 220 நாட்களும் வேலைநாட்களாக இருக்க வேண்டும் என்பது கல்வி உரிமைச் சட்டத்தின் அளவு. சனிக்கிழமைகளில் ஈடுசெய்யும் வகுப்புகளைத் திட்டமிடும்போது காலை உணவும் சத்துணவும் அன்றைக்கு உண்டு என்பதை முன்பே உறுதி செய்துகொள்ளுங்கள். சோறு இல்லாத சனிக்கிழமைக்கு வருகை பாதியாகிவிடும். 2023 டிசம்பரில் மிக்ஜாம் புயலுக்குப் பின் நடந்ததுபோல் அரையாண்டுத் தேர்வு தள்ளிப்போகலாம். ஆனால் மாநில அளவிலான அறிவிப்பு நம் மாவட்டத்துக்கும் வரும் என்று நம்பிக் காத்திருக்காமல், எத்தனை நாள் பாடம் போயிற்று என்ற கணக்கை முதன்மைக் கல்வி அலுவலருக்கு நவம்பர் முடிவதற்குள் எழுதி அனுப்பிவிடுங்கள்.