வாடைச் சளிக்கு மல்லியும் இஞ்சியும்

கார்த்திகை பிறந்து கடற்காற்று ஈரமாக அடிக்கத் தொடங்கினால் திருகோணமலையில் வீட்டுக்கு ஒருவர் மூக்கை உறிஞ்சிக்கொண்டுதான் இருப்பார். முதலில் மல்லி அவியுங்கள். இரண்டு மேசைக்கரண்டி மல்லியை வெறும் சட்டியில் வாசம் வரும்வரை வறுத்து, பெருவிரல் அளவு வேர்க்கொம்பை, அதாவது காய்ந்த இஞ்சியான சுக்கை, தட்டிப் போட்டு, நாலு கோப்பைத் தண்ணீர் இரண்டாக வற்றும்வரை கொதிக்க விட்டு, பனங்கட்டியைக் கடித்துக்கொண்டு சூடாகக் குடிக்க வேண்டும். சீனி போட்டால் பாயாசம்தான்.

சீன வைத்தியத்தில் பச்சை இஞ்சியும் வேர்க்கொம்பும் தனித்தனி மருந்து. குளிர் நடுக்கத்தோடு தடிமன் தொடங்கும்போது, பச்சை இஞ்சியை வெங்காயத்தாளின் வெள்ளைத் தண்டோடு சில நிமிடம் மட்டும் அவித்து, குடித்தபின் போர்த்திப் படுத்து இலேசாக வியர்க்க விடுவார்கள். வேர்க்கொம்பு அங்கே பெரும்பாலும் வயிற்றுக் குளிருக்கு.

இதெல்லாம் தொண்டைக்கு இதம், அவ்வளவுதான், கிருமியைக் கொல்லாது. இரத்தம் உறையாமலிருக்க வார்ஃபரின் எடுப்பவர்கள் வைத்தியரைக் கேட்காமல் இஞ்சியை அள்ளிப் போடாதீர்கள். அப்புறம், மழைக்காலக் காய்ச்சல் டெங்குவாகவும் இருக்கலாம், அதனால் பரசிற்றமோல் தவிர அஸ்பிரின், இபுபுரூஃபன் எதுவும் வேண்டாம், இரண்டு நாளில் விடாவிட்டால் இரத்தம் சோதியுங்கள்.