நாரி நோவுக்கும் மனதுக்கும் ஒரே கொப்பி

நாரி நோவென்று கிளினிக்குக்குப் போகிறவர்கள் மனதைப் பற்றி வாய் திறப்பதில்லை. நானும் அப்படித்தான் இருந்தேன். திருகோணமலை உப்புவெளியில் வீட்டோடு தையல் வேலை. வருடக்கணக்காகக் குனிந்தே தைத்த நாரி. நோவு மூன்று மாதத்தைத் தாண்டியபோது சாப்பாட்டில் ருசி போயிருந்தது. விடியப்புறம் மூன்று மணிக்கே முழிப்பு. தைக்கத் தந்த துணியைப் பார்த்தாலே அழுகை வரும். நோவு வேறு, அழுகை வேறு என்றே நினைத்திருந்தேன்.

முதலில் ஒரு கொப்பி வாங்குங்கள். இரவு படுக்கும் முன் நோவுக்குப் பத்துக்கு எத்தனை, மனப்பாரத்துக்குப் பத்துக்கு எத்தனை, முதல்நாள் எத்தனை மணித்தியாலம் நித்திரை, அன்று என்ன செய்தீர்கள் என்று எழுதுங்கள். என் கொப்பியில் ஒரு செவ்வாய்க்கிழமை: "நோவு 7, பாரம் 8, நித்திரை 3. வெள்ளைச் சட்டை ஆறு. மச்சாள் வந்தா, கதைக்கப் பிடிக்கேல்லை." இரண்டு கிழமை எழுதியதும் எனக்கே தெரிந்தது: நித்திரை கெட்ட இரவுக்கு அடுத்த நாள் நோவும் பாரமும் சேர்ந்தே ஏறியிருந்தன.

இது கற்பனை நோவு இல்லை. நோவை அடக்கச் சொல்லி மூளை முள்ளந்தண்டு வழியாகக் கீழே செய்தி அனுப்புகிறது. அந்த வேலையில் பங்குள்ள செரட்டோனின், நோரட்ரினலின் என்ற இரண்டு இரசாயனங்களுக்கும் மனநிலையிலும் பங்குண்டு. அதனால்தான் சில குளிசைகள் இரண்டுக்கும் பொதுவாக இருக்கின்றன. அப்படியொரு குளிசையான அமிட்ரிப்டிலினை எழுதித் தந்தால் "விசருக்கு மருந்து தந்திட்டாங்கள்" என்று ஒளித்து வைக்காதீர்கள். நோவுக்கென்றால் பெரும்பாலும் இரவில் 10 அல்லது 25 மில்லிகிராமில்தான் தொடங்குவார்கள். வாய் காயும், காலையில் தூக்கம் தூக்கமாக வரும். அதைச் சொல்லுங்கள், நீங்களாக நிறுத்த வேண்டாம்.

டொக்டருக்கு முன்னால் இருந்ததும் கொப்பியை நீட்டி, "நாரி நோகுது, மனமும் சரியில்லை, நித்திரையும் இல்லை" என்று மூன்றையும் ஒரே மூச்சில் சொல்லிவிடுங்கள். கடைசியில் சொல்லலாமென்று வைத்திருந்தால் அதற்குள் அடுத்த நம்பரைக் கூப்பிட்டுவிடுவார்கள். கால் பலமிழந்தாலோ, உட்காரும்போது கீழே படும் பகுதி மரத்தாலோ, சலம் போவதில் மாற்றம் வந்தாலோ கிளினிக் நாளுக்குக் காத்திருக்காமல் உடனே ஆஸ்பத்திரிக்குப் போங்கள்.

அப்புறம் வேலை. நோவு குறைந்த நாளில் எல்லாத்தையும் முடித்துவிடத் தோன்றும். அப்படிச் செய்துதான் நான் அடுத்த இரண்டு நாளும் படுத்தேன். இப்போது இருபது நிமிடம் தைத்தால் எழும்பி வாசல்வரை நடப்பேன். பின்னேரம் கடற்கரைப் பக்கம் கொஞ்சத் தூரம்.

மாதமொருமுறை அக்காவோடு கன்னியா வெந்நீர்க் கிணறுகளுக்குப் போவேன். ஏழு கிணற்றிலும் சூடு வேறு வேறு; எனக்குப் பொறுக்கிற சூட்டில் அள்ளி நாரியில் ஊற்றுவேன், தசை கொஞ்சம் இளகும். போகும் வழியெல்லாம் அக்கா கதைத்துக்கொண்டே வருவா. அன்றைக்குப் பாரம் 3க்கு மேல் எழுதியதில்லை.

செத்தால் நல்லம் என்ற நினைப்பு வந்தால் மட்டும் கொப்பியை மூடிவிட்டு, பக்கத்தில் இருப்பவரிடம் அப்போதே சொல்லுங்கள். தேசிய மனநல நிறுவகத்தின் 1926 இலக்கத்துக்கு இரவிலும் எடுக்கலாம்.