நடக்காத இடத்தையும் பாருங்கள்: அரசியல் அறிவியல் ஆய்வில் தவிர்க்க வேண்டிய தவறுகள்

முனைவர் பட்ட ஆய்வு முன்வரைவுகளைப் படித்துக் கருத்துச் சொல்லும் வேலை ஆண்டுதோறும் என்னிடம் வருகிறது. எழுதுபவர்கள் மாறுகிறார்கள், தலைப்புகள் மாறுகின்றன, தவறுகள் மட்டும் அப்படியே இருக்கின்றன. அவற்றில் சில நானும் மாணவனாக இருந்தபோது செய்தவை என்பதால் முதல் பக்கத்திலேயே அடையாளம் தெரிந்துவிடுகிறது. மேற்கோள் குறி, அடிக்குறிப்பு, எழுத்துத் திருட்டு பற்றியெல்லாம் இங்கே பேசப்போவதில்லை. அவற்றை எந்த நெறியாளரும் சொல்லிவிடுவார். ஆண்டுக்கணக்கில் உழைத்த ஆய்வேட்டை வாய்மொழித் தேர்வில் ஒரே கேள்வியில் சரித்துவிடும் தவறுகள் சில உண்டு. அவற்றைப் பற்றித்தான் கவலை.

தலைப்பையே கேள்வி என்று நினைப்பது

'கூட்டணி ஆட்சிகள்: ஓர் ஆய்வு' என்பது தலைப்பு. அதை யாரும் மறுத்துப் பேச முடியாது, ஏனென்றால் அது எதையும் சொல்லவில்லை. 'சில கூட்டணி அரசுகள் முழுப் பதவிக்காலமும் நீடிக்க, வேறு சில ஓராண்டுக்குள் கவிழ்வது ஏன்?' என்பது கேள்வி. இதற்கு நீங்கள் சொல்லும் பதில் தவறாகவும் இருக்கலாம். அப்படித் தவறாக வாய்ப்புள்ள பதிலைத் தேடும்போதுதான் ஆய்வு தொடங்குகிறது. இரண்டாவது வாக்கியத்தில் நீடித்த அரசுகள், கவிழ்ந்த அரசுகள் என இரண்டு வகையும் இருப்பதைக் கவனியுங்கள். அடுத்துச் சொல்லப்போவதற்கு அது முக்கியம்.

விளைவைப் பார்த்து நேர்வுகளைப் பொறுக்குவது

ஒரு மாணவி ராணுவ ஆட்சிக்கவிழ்ப்பு பற்றி ஆய்வு செய்துகொண்டிருந்தார். ஐந்து நாடுகளை நேர்வுகளாக, அதாவது ஆராயும் எடுத்துக்காட்டுகளாக, எடுத்திருந்தார். ஐந்திலும் ராணுவம் ஆட்சியைப் பிடித்திருந்தது. ஐந்திலும் அதற்கு முன்னால் விலைவாசி எகிறி, கருவூலம் காலியாகியிருந்தது. ஆகவே பொருளாதார நெருக்கடிதான் கவிழ்ப்புக்குக் காரணம் என்று முடித்திருந்தார். ஆவணங்களைத் தேடிப் படித்த விதத்திலும் பேட்டிகளிலும் குறை சொல்ல இடமில்லை. "இதே அளவு நெருக்கடி வந்தும் ராணுவம் பாசறையை விட்டு வெளியே வராத நாடு எதையாவது பார்த்தீர்களா?" என்று கேட்டேன். "அங்கே ஒன்றும் நடக்கவில்லையே சார், அதை எதற்குப் பார்க்க வேண்டும்?" என்றார்.

இந்தப் பதிலை வெவ்வேறு மாணவர்களிடமிருந்து கேட்டுக்கொண்டே இருக்கிறேன். இன்றும் எரிச்சல் வருகிறது. களப்பணி முழுவதும் முடியும்வரை அவர்களிடம் அந்தக் கேள்வியை யாரும் கேட்கவில்லையே என்கிற எரிச்சல் அது.

ஒரு தாளில் நான்கு கட்டம் போடுங்கள். நெருக்கடி வந்து கவிழ்ப்பும் நடந்த நாடுகள், நெருக்கடி வந்தும் கவிழ்ப்பு நடக்காத நாடுகள், நெருக்கடி இல்லாமலே கவிழ்ப்பு நடந்த நாடுகள், இரண்டுமே இல்லாத நாடுகள். அந்த மாணவி நிரப்பியிருந்தது முதல் கட்டத்தை மட்டும். நெருக்கடி வந்த நாடுகளில் எத்தனையில் ராணுவம் வந்தது, எத்தனையில் வரவில்லை என்று தெரியாமல் 'நெருக்கடி கவிழ்ப்பைக் கொண்டுவருகிறது' என்று சொல்ல வழியே இல்லை. அந்த ஐந்து தலைநகரங்களிலும் வானொலி நிலையம் இருந்தது. வானொலி நிலையம்தான் காரணம் என்று ஒருவர் வாதிட்டால், அந்த மாணவியின் கையிலிருந்த தரவைக் கொண்டு அதை மறுக்க முடியாது.

வரலாற்றிலிருந்து ஓர் எடுத்துக்காட்டு. 1929-இல் தொடங்கிய பெருமந்தத்தின்போது ஜெர்மனியில் பதிவு செய்துகொண்ட வேலையற்றோர் 1932-இல் ஏறக்குறைய 60 லட்சம் பேர். 1933-இல் ஹிட்லர் ஆட்சிக்கு வந்தார், ஜனநாயகம் முடிந்தது. ஜெர்மனியை மட்டும் படிப்பவருக்கு மந்தம் ஜனநாயகத்தைக் கொல்கிறது என்றுதான் தோன்றும். ஆனால் அதே 1933-இல் அமெரிக்காவில் உழைப்பாளர்களில் நான்கில் ஒருவருக்கு வேலை இல்லை. அங்கே தேர்தல் நடந்து, ஆட்சி மாறி, அரசியலமைப்பு அப்படியே நின்றது. பிரிட்டனிலும் ஸ்வீடனிலும் நின்றது. இந்த நாடுகளைப் பக்கத்தில் வைத்தவுடன் கேள்வியே வேறாகிவிடுகிறது: ஒரே சூறாவளியில் சில ஜனநாயகங்கள் மட்டும் ஏன் விழுந்தன?

இனி ஜெர்மனியைத் திரும்பப் படித்தால், முன்பு கண்ணில் படாதவை படுகின்றன. 1930 மார்ச்சில் அங்கே பெருங்கூட்டணி அரசு கவிழ்ந்தது, வேலையில்லாதோர் காப்பீட்டுக்கு யார் எவ்வளவு கட்டுவது என்ற தகராறில். ஸ்வீடனில் 1933-இல் சமூக ஜனநாயகக் கட்சியும் விவசாயிகள் கட்சியும் உடன்பாட்டுக்கு வந்தன: வேலையில்லாதோருக்கான திட்டங்களுக்கு ஒரு தரப்பு ஆதரவு, விளைபொருள் விலைப் பாதுகாப்புக்கு மறு தரப்பு ஆதரவு. கட்சிகளிடையே உடன்பாடு வந்ததா வரவில்லையா என்பதுதான் முழு விளக்கம் என்று நான் சொல்லவரவில்லை. தேடிப் பார்க்கத் தகுந்த ஒரு காரணம் அங்கே இருக்கிறது. ஸ்வீடனைப் பார்க்காதவருக்கு அதைத் தேட வேண்டும் என்றே தோன்றாது.

இதைத் துறைக்குள் அழுத்தமாக எடுத்துவைத்தவர் அமெரிக்க அரசியல் அறிவியலாளர் பார்பரா கெட்டஸ். 1990-இல் வெளிவந்த அவருடைய கட்டுரையை முறையியல் வகுப்பின் முதல் வாரத்திலேயே படிக்கச் சொல்வேன். தொழிலாளர் அமைப்புகளை ஒடுக்கினால் வேகமான பொருளாதார வளர்ச்சி வரும் என்ற வாதம் அப்போது செல்வாக்குடன் இருந்தது. தென்கொரியா, தைவான், சிங்கப்பூர் போன்று வளர்ந்து காட்டிய நாடுகளை வைத்துக் கட்டிய வாதம் அது. வளராத நாடுகளையும் சேர்த்து அவர் வரைபடம் போட்டபோது அந்தத் தொடர்பு ஏறக்குறைய காணாமல் போனது. ஒடுக்குமுறை இருந்தும் வளராத நாடுகள் ஏராளம். யாரும் அவற்றை எண்ணியிருக்கவில்லை.

பெரிய ஆய்வாளர்களும் இந்தக் கேள்விக்குத் தப்பவில்லை. அமெரிக்க சமூகவியலாளர் தேடா ஸ்காச்போல் 1979-இல், புரட்சி ஏன் வெடிக்கிறது என்று விளக்க, பிரான்ஸ், ரஷ்யா, சீனா ஆகிய மூன்று புரட்சிகளை ஒப்பிட்டார். அவர் கவனமானவர், புரட்சி அப்படி வெடிக்காத பிரஷ்யா, ஜப்பான் போன்றவற்றையும் எதிர்நேர்வுகளாகச் சேர்த்தார். அவை போதாது என்று சொல்லி அதே வாதத்தை லத்தீன் அமெரிக்க நாடுகளில் வைத்துச் சோதித்தார் கெட்டஸ். வாதம் அங்கே தாக்குப்பிடிக்கவில்லை. அந்த அளவு கவனத்தோடு செய்த ஆய்வுக்கே இந்தச் சோதனை வருகிறதென்றால், எதிர்நேர்வே இல்லாத முன்வரைவு எப்படி நிற்கும்?

ஒரே ஊரில் களப்பணி செய்பவர்கள் இது நாடுகளை ஒப்பிடுபவர்களின் தலைவலி என்று ஒதுங்கிவிடுகிறார்கள். அவர்களிடமும் இதே தவறுதான். போராட்டத்தில் கலந்துகொண்டவர்களைத் தேடித் தேடிப் பேட்டி எடுப்பார்கள். ஏன் வந்தீர்கள் என்று கேட்டால் எல்லாரும் தங்கள் குறைகளைச் சொல்வார்கள். குறைதான் காரணம் என்று அத்தியாயம் முடிந்துவிடும். அதே தெருவில், அதே குறையோடு, வீட்டிலேயே இருந்துவிட்டவர்களைக் கேட்டிருந்தால் வேறு ஏதாவது வெளிவந்திருக்கும்: யார் கூப்பிட்டார்கள், யாரோடு போனார்கள், யாருக்குப் பயம் இருந்தது. வராதவர்களைக் கண்டுபிடிப்பது கடினம் என்பது உண்மை. அந்தக் கடினத்துக்குத்தான் களப்பணி அட்டவணையில் நாள் ஒதுக்க வேண்டும்.

எதிர்நேர்வு என்றவுடன் கைக்குக் கிடைத்த நாட்டைச் சேர்ப்பதும் பயன் தராது. ராணுவக் கவிழ்ப்பு நடக்காத நாடு என்று கோஸ்டா ரிகாவை எடுத்துவந்தார் ஒருவர். அந்த நாடு 1948-இல் ராணுவத்தையே கலைத்துவிட்டது. அதை வைத்து ராணுவம் ஏன் அடங்கியிருந்தது என்று ஆராய முடியாது. விளைவு நடந்திருக்க நியாயமான வாய்ப்பு இருந்து, ஆனால் நடக்காமல் போன இடமாகப் பாருங்கள். நெருக்கடி, பிளவுபட்ட தலைமை, பலமான ராணுவம் எல்லாம் இருந்தும் கவிழ்ப்பு வராத நாடு ஒன்று கிடைத்தால், உங்கள் ஆய்வில் பாதி அங்கேதான் இருக்கிறது.

அப்படியென்றால் ஒற்றை நேர்வை ஆழமாகப் படிப்பது தவறா? இல்லை. ஒரு நிகழ்வு எப்படி, எந்தப் படிகளில் நடந்தது என்று தடம் பிடித்துப் போவது மதிப்புள்ள வேலை. ஒரு நிபந்தனை இல்லாமல் விளைவு வரவே முடியாது என்ற வாதத்தைச் சோதிக்க, விளைவு நடந்த இடங்களைப் பார்ப்பதுதான் சரி. அந்த நிபந்தனை இல்லாமல் நடந்த ஒன்றைக் கண்டுபிடித்தால் வாதம் அங்கேயே விழுந்துவிடும். மாணவர்கள் சறுக்குவது முடிவுரையில். ஒரு நாட்டின் கதையைச் சொல்லிவிட்டு, கடைசிப் பத்தியில் 'வளரும் நாடுகளில்' என்று எழுதிவிடுகிறார்கள். பார்த்தது எவ்வளவோ, சொல்வதும் அவ்வளவே இருக்கட்டும்.

மாவட்டத்தின் எண்ணை மனிதர்மேல் ஏற்றுவது

ஏழைகள் அதிகமுள்ள தொகுதிகளில் ஒரு கட்சி ஜெயித்தால், ஏழைகள் அதற்கு வாக்களித்தார்கள் என்று எழுதிவிடுவது. அந்தத் தொகுதிகளில் ஏழை அல்லாதவர்களும் இருக்கிறார்கள். வாக்கு அவர்களுடையதாகவும் இருக்கலாம். சமூகவியலாளர் டபிள்யூ. எஸ். ராபின்சன் 1950-இல் இதை எண்களால் காட்டினார். 1930-ஆம் ஆண்டு அமெரிக்க மக்கள்தொகைக் கணக்கெடுப்பில், வெளிநாட்டில் பிறந்தவர்கள் அதிகமுள்ள மாநிலங்களில் எழுத்தறிவின்மை குறைவு. இரண்டும் எவ்வளவு சேர்ந்து போகின்றன என்று -1 முதல் +1 வரை காட்டும் ஒட்டுறவுக் கெழு -0.53. தனிமனிதர்களாகப் பார்த்தால் கெழு 0.12, அதாவது வெளிநாட்டில் பிறந்தவர்களிடையே எழுத்தறிவின்மை சற்று அதிகம். குறியே மாறிவிட்டது. குடிபெயர்ந்தவர்கள் எழுத்தறிவு மிகுந்த மாநிலங்களில் குடியேறியிருந்ததுதான் காரணம். தனிமனிதரைப் பற்றிப் பேச வேண்டுமென்றால் தனிமனிதர்களின் தரவு வேண்டும்.

குறியீட்டு விளக்கக் கையேட்டைப் படிக்காமல் தரவைப் பயன்படுத்துவது

தரவில் உள்ள ஒவ்வொரு சொல்லுக்கும் என்ன வரையறை என்று சொல்வதுதான் அந்தக் கையேடு. தரவில் உள்நாட்டு மோதல் என்று ஒரு நெடுவரிசை இருக்கும். மாணவர் அதை அப்படியே ரிக்ரெஷனில் (மாறிகளுக்கிடையே உள்ள தொடர்பைக் கணக்கிடும் புள்ளியியல் முறை) போட்டுவிடுவார். உப்சாலா பல்கலைக்கழகத் தரவுத்தொகுப்பில் ஓராண்டில் 25 போர்ச்சாவுகள் இருந்தாலே அது ஆயுத மோதல். 1,000-ஐத் தொட்டால்தான் போர். 'கோரிலேட்ஸ் ஆஃப் வார்' என்ற மற்றொரு போர்த் தரவுத்தொகுப்பில் 1,000-தான் எல்லை. எல்லை மாறினால் எந்த நாடு உள்ளே, எந்த நாடு வெளியே என்பதும் மாறும், அதனால் உங்கள் முடிவும் மாறலாம். ஜனநாயக அளவீடுகளிலும் இதே கதைதான். இரண்டு வேறு தொகுப்புகளில் சோதித்து, இரண்டின் முடிவையும் எழுதுங்கள்.

மென்பொருள் தெரியும் என்பதற்காகக் கேள்வியைத் தேடுவது

வேண்டாம். கேள்வி முதலில்.

மாதிரி பெரிதாக இருந்தால் போதும் என்று நம்புவது

1936-இல் அமெரிக்க அதிபர் தேர்தலுக்கு முன் 'லிட்டரரி டைஜஸ்ட்' இதழ் நடத்திய கருத்துக்கணிப்புக்கு 20 லட்சத்துக்கும் மேற்பட்ட பதில்கள் வந்தன. லேண்டன் ஜெயிப்பார் என்றது. ரூஸ்வெல்ட் 48 மாநிலங்களில் 46-ஐ வென்றார். யார் பதில் அனுப்பவில்லை என்று பாருங்கள்.

கைக்குக் கிடைத்த எல்லாவற்றையும் கட்டுப்பாட்டு மாறியாகப் போடுவது

கல்வி வாக்களிப்பைக் கூட்டுகிறதா என்று கேட்கிறீர்கள். அரசியல் ஆர்வத்தையும் கட்டுப்படுத்திவிடலாம், அதாவது அதன் தாக்கத்தைக் கழித்துவிட்டுப் பார்க்கலாம் என்று சமன்பாட்டில் சேர்க்கிறீர்கள். கல்வியின் தாக்கம் சுருங்கிவிடுகிறது, 'கல்விக்குப் பங்கில்லை' என்று எழுதுகிறீர்கள். ஆனால் கல்வியே அரசியல் ஆர்வத்தைத் தூண்டி, அதன் வழியாக வாக்குச்சாவடிக்குக் கூட்டிப்போகிறதென்றால், நீங்கள் அறுத்தது அந்த வழியைத்தான். காரணத்துக்கு முன்னால் வருவதைக் கட்டுப்படுத்தலாம், காரணத்துக்குப் பின்னால் வருவதைத் தொடக்கூடாது. ஒவ்வொரு மாறிக்கும் எது முன்னால், எது பின்னால் என்று அம்புக்குறி போட்டு ஒரு படம் வரைந்து, அதையும் முன்வரைவில் இணையுங்கள்.

களக்குறிப்பைத் தள்ளிப்போடுவது

பேட்டி முடிந்த இரவே எழுதுங்கள்.

முடிவு தெரிந்த பிறகு கருதுகோள் எழுதுவது

பதினைந்து மாறிகளை ஓடவிட்டு, எது பொருட்படுத்தத்தக்கதாக வந்ததோ அதையே தொடக்கத்திலிருந்து எதிர்பார்த்ததாக எழுதுகிறார்கள். தற்செயலாக வரும் வாய்ப்பு 5 விழுக்காட்டுக்குக் குறைவாக இருந்தால் ஏற்கலாம் என்ற எல்லையில் சோதித்தால், உண்மையில் எந்தத் தொடர்பும் இல்லாத இருபது மாறிகளில் சராசரியாக ஒன்று தற்செயலாகவே 'வெற்றி' பெறும். தரவைத் தேடிப் பார்ப்பது குற்றமில்லை. தேடிப் பார்த்ததைச் சோதித்துப் பார்த்ததாகச் சொல்லக்கூடாது. தரவைத் திறக்கும் முன் ஒரு பக்கம் எழுதித் தேதியிட்டு நெறியாளருக்கு அனுப்பிவையுங்கள்: எதிர்பார்ப்பு என்ன, எந்த நேர்வுகள், ஏன் அவை, என்ன வந்தால் உங்கள் வாதம் தவறு என்று ஒப்புக்கொள்வீர்கள். கடைசிக் கேள்விக்கு விடை எழுத வரவில்லையென்றால் களத்துக்குக் கிளம்பாதீர்கள், முன்வரைவின் முதல் பக்கத்தைத் திருத்தி எழுதுங்கள்.