பழைய பிலிப்பைன்ஸ் போலோ கத்தி கையில் கிடைத்தால்…

முதலில் அலகைப் பாருங்கள். பிடிப் பக்கம் ஒடுங்கி, முனையை நோக்கி அகன்று கனக்கும்; அதுதான் போலோவின் அடையாளம். ‘யு.எஸ்.’ முத்திரை இருந்தால் அது பெரும்பாலும் 1909, 1917 மாடல் போன்ற அமெரிக்க ராணுவக் கத்தி. ஊர்க் கொல்லர் அடித்ததில் பொதுவாக முத்திரை இருக்காது. எருமைக் கொம்பு அல்லது கடின மரப் பிடி, பித்தளைப் பூண், பிரம்பு சுற்றிய மர உறை என்று இருக்கும். நடு பிலிப்பைன்ஸில் உள்ள விசாயாஸ் தீவுகளின் கத்திகள் பலவற்றில் ஒரு பக்கம் மட்டும் சரிவாகவும் மறுபக்கம் தட்டையாகவும் இருக்கும். அதைத் தேய்மானம் என்று எண்ணி இரு பக்கமும் தீட்டிவிடாதீர்கள்.

உருவும்போது கவனம் தேவை. மர உறை இரண்டு பாதிகளைச் சேர்த்துக் கட்டியது. கூர் அந்த இடுக்கு வழியே வெளியே வந்து விரலை அறுத்துவிடும். உறையை முதுகுப் பக்கமாக மட்டும் பிடித்து, மெதுவாக உருவுங்கள்.

சரி, சுத்தம் செய்வது எப்படி? தையல் மெஷின் எண்ணெயைத் தடவி ஒரு நாள் ஊறவிடுங்கள். அப்புறம் மிக மெல்லிய ஸ்டீல் வுல்லால் (எஃகு நார்) நீளவாக்கில் லேசாகத் தேய்த்தால் செந்துரு உரிந்துவிடும். அடியில் உள்ள கருமையை விட்டுவிடுங்கள், அதுதான் கத்தியின் வயது. தண்ணீரில் ஊறவைக்கவே கூடாது: பிடிக்குள் போகும் இரும்பு வால் துருப்பிடித்து, அதைப் பிடித்திருக்கும் பிசினும் விட்டுப்போகும். துருவைத் தேய்க்க கிரைண்டர் மெஷினும் வேண்டாம்.