ஆர்கேட் போர்டுக்கு 5 வோல்ட் ஒழுங்காகப் போகிறதா? கண்டுபிடித்துச் சரிசெய்வது எப்படி

ஆர்கேட் பெட்டியில் (காசு போட்டு விளையாடும் வீடியோ கேம் பெட்டி) விளையாட்டு நடுவில் போர்டு தானாக ரீசெட் ஆகிறது, திரை முழுக்கக் குப்பை எழுத்து வருகிறது, அல்லது சுவிட்சைப் போட்டும் ஒன்றும் வரவில்லை. இந்த மூன்றில் எது நடந்தாலும் சிப்பைச் சந்தேகிக்கும் முன் 5 வோல்ட்டைப் பாருங்கள். கடலூர் தேவனாம்பட்டினத்தில் கடலை ஒட்டிய வீட்டிலிருந்த ஒரு ஜாமா பெட்டியை (ஜாமா என்பது ஆர்கேட் போர்டுகளுக்கான பொதுவான கனெக்டர் முறை) இந்த வரிசையில்தான் ஓடவைத்தேன்.

முதலில் பாதுகாப்பு. பழைய பிக்சர் டியூப் மானிட்டர் இருந்தால் அதன் பக்கம் கையே போகக்கூடாது. கரண்டை நிறுத்திய பிறகும் அதில் ஆளைக் கொல்லும் வோல்டேஜ் தங்கியிருக்கும். பவர் சப்ளையின் 230 வோல்ட் முனைகளையும் தொடக்கூடாது.

1. கரண்ட் கொடுப்பதற்கு முன்

பவர் சப்ளையில் 110/220 சுவிட்ச் இருந்தால் 220 பக்கம் இருக்கவேண்டும். ஜாமா கனெக்டரில் 1, 2-வது முனைகள் கிரவுண்ட். 3, 4-வது முனைகள் பிளஸ் 5 வோல்ட். 5-வது முனை மைனஸ் 5 வோல்ட். 6-வது பிளஸ் 12 வோல்ட். 27, 28 மறுபடி கிரவுண்ட். இரண்டு பக்கமும் இதே வரிசைதான். 7-இல் இருக்கும் தடுப்புத் துண்டு விழுந்திருந்தால் கனெக்டரைத் தலைகீழாகச் செருகிவிட வாய்ப்புண்டு, கவனம். போர்டைத் தனியாக எடுத்து பிளஸ் 5 வோல்ட்டுக்கும் கிரவுண்டுக்கும் நடுவே ஓம் பாருங்கள். கிட்டத்தட்ட பூஜ்யம் என்றால் ஷார்ட், கரண்ட் கொடுக்காதீர்கள்.

2. எங்கே அளப்பது

பெரும்பாலோர் சறுக்கும் இடம் இதுதான். பவர் சப்ளையின் முனையில் மீட்டர் 5.0 காட்டும். உடனே ‘சப்ளை நன்றாக இருக்கிறது, போர்டுதான் போச்சு’ என்று முடிவுகட்டிவிடுவார்கள். போர்டு 4 ஆம்பியர் இழுக்கிறது, வழியில் கனெக்டரும் வயரும் சேர்ந்து 0.1 ஓம் தடுக்கிறது என்றால் 0.4 வோல்ட் அங்கேயே போய்விடும். சிப்புக்குக் கிடைப்பது 4.6. டிடிஎல் சிப்புகளுக்கு (இந்தப் போர்டுகளில் இருக்கும் 5 வோல்ட் லாஜிக் சிப்புகள்) 4.75-க்குக் கீழே உத்தரவாதம் இல்லை.

அதனால் விளையாட்டு ஓடும்போதே போர்டில் அளக்கவேண்டும். கனெக்டரிலிருந்து தள்ளி இருக்கும் 74 வரிசை சிப் (பெயரில் 74 வரும் டிடிஎல் சிப்) ஒன்றைத் தேர்ந்தெடுங்கள். 14 கால் சிப்பில் பெரும்பாலும் 7-வது கால் கிரவுண்ட், 14-வது 5 வோல்ட். புரோப் நழுவிப் பக்கத்துக் காலைத் தொடாமல் பார்த்துக்கொள்ளுங்கள். ஊசி முனை புரோப் வாங்குவது நல்லது.

3. கனெக்டரைத் துடையுங்கள்

நம் கடலோரத்தில் உப்புக் காற்று போர்டின் விளிம்புப் பட்டைகளைக் கறுக்கவைத்துவிடும். பென்சில் அழிக்கும் வெள்ளை ரப்பரால் மெதுவாகத் தேய்த்து, ஐசோபுரொப்பைல் ஆல்கஹாலில் துடைத்தால் போதும். உப்புத்தாள் வேண்டவே வேண்டாம், பட்டையின் மேல்பூச்சே போய்விடும். கனெக்டரின் 5 வோல்ட், கிரவுண்ட் முனைகளில் பிளாஸ்டிக் பழுப்பாகியிருந்தால் அங்கே சூடேறியிருக்கிறது. துடைத்துப் பயனில்லை, கனெக்டரை மாற்றுங்கள்.

4. அப்புறம்தான் திருகு

சப்ளையில் 5 வோல்ட்டை ஏற்றி இறக்கும் சின்னத் திருகைக் கொஞ்சம் கொஞ்சமாகத் திருப்பி, போர்டில் 5.0 முதல் 5.1 வரை வையுங்கள். துடைப்பதற்கு முன் திருகைத் தொடாதீர்கள். மோசமான தொடர்புக்கு ஈடாக ஏற்றி வைத்தால், பிறகு தொடர்பு சரியானதும் போர்டுக்கு 5.25-க்கு மேல் போய்விடும்.

5. அளவு சரி, ஆனாலும் ரீசெட் ஆகிறதா?

மீட்டரை ஏசிக்கு மாற்றி அதே காலில் பாருங்கள். 100 மில்லிவோல்ட்டைத் தாண்டினால் சப்ளையின் கெப்பாசிட்டர் களைத்துவிட்டது. பழைய சப்ளையைப் பிரித்து நோண்டுவதைவிடப் புதிதாக ஒன்று வாங்குவதே என் தேர்வு. மிக மலிவான மீட்டர்களில் ஏசி 200 வோல்ட்டில்தான் தொடங்கும். அவை இந்த வேலைக்கு உதவாது.

பின்சேர்க்கை: கம்ப்யூட்டர் ஏடிஎக்ஸ் சப்ளை போடலாமா என்று சிலர் கேட்டிருந்தார்கள். ஓடும். ஆனால் புதியவற்றில் மைனஸ் 5 கிடையாது, 5 வோல்ட்டை ஏற்றி இறக்கத் திருகும் இருக்காது. ‘படம் வருகிறது, சத்தம் மட்டும் இல்லை’ என்றவர்கள் 6-வது முனையில் 12 வோல்ட் வருகிறதா பாருங்கள். பல போர்டுகளில் ஆம்ப் (சத்தத்தைப் பெருக்கும் ஆம்பிளிஃபயர்) அதில்தான் ஓடுகிறது. சில பழைய போர்டுகளில் சத்தத்துக்கு மைனஸ் 5-உம் தேவைப்படும்.