நடை மட்டும் போதுமா? தொப்பையும் சர்க்கரையும் இறங்க ஒரு வாரத் திட்டம்

உடம்பு பெருத்தவர்களிடம் எல்லோரும் சொல்வது "வாக்கிங் போங்க". நல்ல யோசனைதான். ஆனால் நடை செய்யும் வேலை வேறு, தசைக்குப் பளு கொடுப்பது செய்யும் வேலை வேறு. எனக்கு இடுப்புச் சுற்றளவும் ஹெச்பிஏ1சி (சில மாத இரத்தச் சர்க்கரையின் சராசரியைக் காட்டும் சோதனை) அளவும் இறங்க ஆரம்பித்தது இரண்டையும் சேர்த்த பிறகுதான். எந்த ஷூ, எந்தப் பூங்கா என்பதையெல்லாம் விட்டுவிட்டு நேராகத் திட்டத்துக்கு வருகிறேன்.

இன்சுலின் போடுபவர்கள், கிளிமிப்பிரைடு போன்ற சர்க்கரை மாத்திரை எடுப்பவர்கள், மாடிப்படி ஏறினால் நெஞ்சு அடைப்பவர்கள் முதலில் மருத்துவரைக் கேளுங்கள். அந்த மருந்துகளோடு உடற்பயிற்சியும் சேர்ந்தால் சர்க்கரை சட்டென்று தாழ்ந்துவிடலாம்.

படி 1: டேப்பை எடுங்கள்

தையற்காரர் டேப் போதும். கடைசி விலா எலும்புக்கும் இடுப்பெலும்பின் மேல்விளிம்புக்கும் நடுவில், மூச்சை இயல்பாக வெளியே விட்டதும் அளக்க வேண்டும். பேன்ட் நிற்கும் இடத்தில் அளந்தால் டேப் தொப்பைக்குக் கீழே போய்விடும். இந்தியர்களுக்கு ஆண்களில் 90 செ.மீ., பெண்களில் 80 செ.மீ. தாண்டினால் கவனம் வேண்டும். வெறும் வயிற்றுச் சர்க்கரை, ட்ரைகிளிசரைடு (இரத்தத்தில் உள்ள ஒருவகைக் கொழுப்பு), இரத்த அழுத்தம் மூன்றையும் கூடவே குறித்து வையுங்கள்.

எடை மெஷினை மட்டும் நம்பாதீர்கள். சென்னையில் டாக்டர் ஏ. ராமச்சந்திரன் குழு நடத்திய இந்திய நீரிழிவுத் தடுப்பு ஆய்வில் (2006), சர்க்கரை நோயின் விளிம்பில் இருந்தவர்கள் நடையையும் உணவையும் மாற்றிக்கொண்டார்கள். எடை பெரிதாகக் குறையாமலே நோய் வரும் வாய்ப்பு 28.5 சதவீதம் குறைந்தது.

படி 2: நடை

வாரத்துக்கு 150 நிமிடத்தில் தொடங்கி 300 வரை போகலாம் என்கிறது உலக சுகாதார நிறுவனம். வேகத்துக்குக் கணக்கு: பேச முடிய வேண்டும், பாட முடியக் கூடாது. கல்லீரலிலும் குடலைச் சுற்றியும் படியும் கொழுப்பைக் கரைப்பதில் நடை, சைக்கிள், நீச்சல் வகைகளுக்குத்தான் முதலிடம். அமெரிக்காவின் டியூக் பல்கலைக்கழக ஆய்வில் பளுப் பயிற்சி மட்டும் செய்தவர்களுக்கு அந்தக் கொழுப்பு அப்படிக் குறையவில்லை.

ஒரே மூச்சாக நேரம் கிடைக்காவிட்டால் ஒவ்வொரு வேளைச் சாப்பாட்டுக்குப் பிறகும் 15 நிமிடம் நடங்கள். இரவுச் சாப்பாட்டுக்குப் பின் நடப்பதை நான் எதற்காகவும் விடுவதில்லை.

படி 3: பளு (நான் அதிகம் திண்டாடிய இடம்)

இன்சுலின் வேலை செய்யும்போது இரத்தத்துச் சர்க்கரையின் பெரும்பங்கை வாங்கிக்கொள்வது தசை. அந்தத் தசை சுருங்கும்போது குளுட்-4 என்ற புரதம் செல்லின் மேற்பரப்புக்கு வந்து, இன்சுலின் இல்லாமலேகூட சர்க்கரையை உள்ளே இழுக்கும். இன்சுலினுக்கு உடம்பு சரியாக இணங்காதவர்களுக்கு இது பெரிய வரம். 2010-ல் வெளியான அமெரிக்க ஆய்வு ஒன்றில் சர்க்கரை நோயாளிகளை நடை, பளு, இரண்டும் கலந்தது என்று பிரித்தார்கள். செலவிட்ட நேரம் ஏறக்குறைய ஒன்றுதான். ஹெச்பிஏ1சி தெளிவாக இறங்கியது கலந்து செய்தவர்களுக்குத்தான்.

தொடக்கம்: நாற்காலியில் உட்கார்ந்து எழுவது. வீடியோக்களில் ஒல்லியானவர்கள் கால்களை ஒட்டிவைத்துச் செய்வார்கள். தொப்பை இருந்தால் அப்படிக் குனியவே முடியாது, வயிறு தொடையில் இடித்து உடம்பு பின்னால் சாயும். கால்களைத் தோளைவிட அகலமாக வைத்து, பாதங்களைச் சற்று வெளிப்பக்கம் திருப்புங்கள். வயிறு தொடைகளுக்கு நடுவே இறங்கிவிடும். பிளாஸ்டிக் நாற்காலி டைல்ஸில் வழுக்கும், அதனால் நாற்காலியின் முதுகைச் சுவரோடு ஒட்டிப் போடுங்கள். மெல்ல இறங்கி, எழும்போது மூச்சை வெளியே விடுங்கள். மூச்சைப் பிடித்தால் இரத்த அழுத்தம் ஏறும்.

அடுத்து சுவரில் கை ஊன்றித் தள்ளுவது, ஜன்னல் கம்பியில் ரப்பர் பேண்ட் மாட்டி இழுப்பது. கைப்பிடி வைத்த ட்யூபைவிட தட்டையான நீளப் பேண்டுதான் என் தேர்வு. மடித்துப் பிடித்தால் அதுவே அடுத்த பளு. ஒவ்வொன்றும் 10 முதல் 15 தடவை, கடைசி இரண்டு சிரமமாக இருக்க வேண்டும். சுலபமாக முடிந்தால் பளு போதவில்லை. வாரத்தில் இரண்டு மூன்று நாள். நடையோ பளுவோ, தொடர்ந்து இரண்டு நாளுக்கு மேல் இடைவெளி விடாதீர்கள். பயிற்சியால் இன்சுலினுக்குக் கிடைக்கும் கூர்மை அதற்குள் மங்கத் தொடங்கிவிடும்.

படி 4: ஹெச்ஐஐடி (கொஞ்ச நேரம் கடுமையாக, கொஞ்ச நேரம் மெதுவாக என்று மாறிமாறிச் செய்யும் பயிற்சி)

முதல் சில மாதங்களுக்கு வேண்டாம். இதயத் திறன் நன்றாக ஏறும், நேரமும் மிச்சம். ஆனால் கொழுப்புக் குறைவதில் சீரான நடையைவிடப் பெரிய வித்தியாசம் இல்லை. செய்வதென்றால் சைக்கிளில் செய்யுங்கள், குதிக்காதீர்கள். கனமான உடம்பில் முட்டிதான் முதலில் அடிவாங்கும்.

பின்சேர்க்கை

முட்டி வலியோடு உட்கார்ந்து எழ முடியவில்லை என்று சிலர் எழுதியிருந்தார்கள். மடித்த போர்வையை நாற்காலியில் வைத்து உயரத்தைக் கூட்டுங்கள், பழகப் பழக ஒவ்வொரு மடிப்பாகக் குறைத்துக்கொண்டே வாருங்கள்.

கடும் பயிற்சி முடித்ததும் குளுக்கோமீட்டரில் சர்க்கரை கூடிக் காட்டுவதாகவும் கேட்டிருந்தார்கள். அட்ரினலின் சுரந்ததும் கல்லீரல் சர்க்கரையை அவிழ்த்துவிடும், அதனால்தான் அந்த ஏற்றம். பெரும்பாலும் ஓரிரு மணி நேரத்தில் தானாக இறங்கிவிடும். லேப்புக்குப் போகும் காலையில் கடும் பயிற்சி வேண்டாம். ஹெச்பிஏ1சி காட்டுவது ஏறக்குறைய மூன்று மாதச் சராசரி, எனவே அடுத்த சோதனையை அதற்கு முன்னால் எடுத்துக் காசைச் செலவழிக்காதீர்கள்.