ஆர்க்கிடெக்சர் வேறு, சிப் வேறு: ப்ராசஸர் விவாதங்களில் தவிர்க்க வேண்டிய தவறுகள்

"ஆர்ம் என்றாலே மின்சாரம் மிச்சம், எக்ஸ்86 என்றாலே சூடு." ப்ராசஸர் பற்றிய பேச்சு எங்கே தொடங்கினாலும் சீக்கிரமே இந்த வாக்கியம் வந்துவிடும். ஆர்ம், எக்ஸ்86 இரண்டும் கட்டளைத் தொகுதிகள், அதாவது ஒரு ப்ராசஸர் புரிந்துகொள்ளும் கட்டளைகளின் பட்டியல்கள். மறுப்பவர் ஏதோ ஒரு சிப்பின் அளவீட்டைக் கொண்டுவந்து போடுவார். ஒருவர் பேசுவது கட்டளைத் தொகுதியைப் பற்றி, மற்றவர் பேசுவது தன் மடிக்கணினிக்குள் இருக்கும் சிப்பைப் பற்றி. எவ்வளவு நேரம் போனாலும் இருவரும் ஒரே புள்ளிக்கு வருவதில்லை.

1964-இல் ஐபிஎம் சிஸ்டம்/360 கணினி வரிசையை அறிவித்தபோதே அதை வடிவமைத்த ஆம்டால், ப்ளாவ், ப்ரூக்ஸ் மூவரும் இந்த இரண்டையும் பிரிக்கும் கோட்டைப் போட்டுவிட்டார்கள். நிரல் எழுதுபவருக்குத் தெரிகிற இயல்புகள்தான் ஆர்க்கிடெக்சர்: என்னென்ன கட்டளைகள், எத்தனை ரிஜிஸ்டர்கள் (ப்ராசஸருக்குள்ளேயே இருக்கும் சிறு சேமிப்பிடங்கள்), நினைவக முகவரி எப்படி, பிழை வந்தால் என்ன நடக்கும். அதை உள்ளே எப்படிச் செய்து முடிக்கிறார்கள் என்பது இம்ப்ளிமென்டேஷன். சின்ன இயந்திரம் வாங்கியவர் நாளைக்குப் பெரியதற்கு மாறினாலும் பழைய நிரல் அப்படியே ஓட வேண்டும் என்பது நோக்கம். அந்த வரிசையின் மாடல் 30-க்குள் தரவு 8 பிட் அகலத்தில்தான் நகர்ந்தது. மாடல் 75-இல் 64 பிட். நிரலுக்கு இரண்டும் ஒரே இயந்திரம்தான்.

இன்று குழப்பம் வருவதற்குச் சிப் நிறுவனங்களும் ஒரு காரணம். புதுச் சிப் வரும்போதெல்லாம் "புதிய ஆர்க்கிடெக்சர்" என்று விளம்பரம் செய்கிறார்கள். கட்டளைகள் பழையவைதான்; மாறியது உட்புறம், அதாவது மைக்ரோஆர்க்கிடெக்சர். விளம்பரத்தில் வரும் சொல்லை அப்படியே விவாதத்துக்குக் கொண்டுவராதீர்கள்.

"அது எத்தனை பிட் ப்ராசஸர்?" என்ற சண்டையும் இதே வகைதான். மோட்டோரோலா 68000-இல் ரிஜிஸ்டர்கள் 32 பிட், வெளியே போகும் தரவுப் பாதை 16 பிட். 8 பிட் என்று எல்லோரும் சொல்லும் இசட்80-க்குள் கணக்குப் போடும் பகுதி 4 பிட்தான். எதனுடைய அகலம் என்று கேட்டுவிட்டால் பாதி சண்டை அங்கேயே முடிந்துவிடும்.

சரி, மின்சாரத்துக்கு வருவோம். 2020-இல் வந்த ஆப்பிள் எம்1 வேகமாகவும் சிக்கனமாகவும் இருந்ததற்கு 5 நானோமீட்டர் தயாரிப்பு முறை, பெரிய கேஷ் (சிப்புக்குள்ளேயே இருக்கும் வேகமான நினைவகம்), ஒரே நேரத்தில் 8 கட்டளைகளைப் பிரித்தறியும் முகப்பு எனப் பல காரணங்கள். எல்லாமே இம்ப்ளிமென்டேஷன். 2013-இல் விஸ்கான்சின் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் ஆர்ம், எக்ஸ்86 சிப்களை ஒப்பிட்டு அளந்தபோதும், மின்செலவைத் தீர்மானிப்பது கட்டளைத் தொகுதி அல்ல என்றே முடிவு செய்தார்கள். ஆனால் ஆர்க்கிடெக்சருக்குப் பங்கே இல்லை என்று மறுகோடிக்கு ஓடுவதும் தவறுதான். 64 பிட் ஆர்மில் ஒவ்வொரு கட்டளையும் 4 பைட்; அடுத்தது எங்கே தொடங்குகிறது என்று தேட வேண்டாம். எக்ஸ்86-இல் ஒரு கட்டளை 1 முதல் 15 பைட் வரை எப்படியும் இருக்கலாம். அதற்கும் பல கட்டளைகளை ஒரே நேரத்தில் பிரித்தறியும் அகலமான முகப்பு கட்ட முடியும், கூடுதலாகப் பாடுபட வேண்டும், அவ்வளவுதான்.

"எக்ஸ்86 உள்ளே ரிஸ்க்தான்" என்ற வாதம் எனக்குச் சலித்துப்போன ஒன்று. ரிஸ்க் (RISC) என்றால் எளிய, சிறிய கட்டளைகளைக் கொண்ட வடிவமைப்பு; ஆர்ம் அந்த வகை. 1995-இன் பென்டியம் ப்ரோ கட்டளைகளைச் சிறு துண்டுகளாக உடைத்து ஓட்டியது, உண்மை. ஆனால் நிரலை இயந்திரக் கட்டளைகளாக மாற்றும் எந்தக் கம்பைலரும் அந்தத் துண்டுகளை எழுத முடியாது. ரிஸ்க் என்பது வெளியே தெரியும் கட்டளைகளின் பாணி. உள்ளே உடைப்பதை வைத்து வெளியே பெயர் மாற்றுவதானால், கட்டளைகளை உடைக்கிற ஆர்ம் சிப்களை என்னவென்று அழைப்பது?

இந்தத் தவறுகளில் எனக்கு மிகப் பெரியதாகப் படுவது, இன்றைய சிப் செய்வதை ஆர்க்கிடெக்சர் தந்த வாக்குறுதி என்று நம்பிவிடுவது. 68000-இன் முகவரி ரிஜிஸ்டர்கள் 32 பிட். ஆனால் சிப்புக்கு வெளியே போனது 24 பிட் முகவரிதான். மேல் 8 பிட் சும்மாதானே கிடக்கிறது என்று ஆரம்பகால மேக்கின்டோஷ் மென்பொருள் அதில் தன் குறிப்புகளை வைத்துக்கொண்டது. அப்புறம் முழு 32 பிட் முகவரியையும் வெளியே அனுப்பும் 68020 வந்தது. சும்மா கிடந்த பிட்கள் திடீரென்று பொருள் பெற, சரிசெய்யப் பல ஆண்டுகள் ஆயின. பின்னாளில் 64 பிட் எக்ஸ்86-ஐ வடிவமைத்த ஏஎம்டி உஷாராக இருந்தது. முதலில் 48 பிட் முகவரிதான் பயன்பட்டது. ஆனாலும் மேலே உள்ள மீதி 16 பிட்களும் அவற்றுக்கு அடுத்துக் கீழே உள்ள பிட்டின் நகலாகவே இருக்க வேண்டும், இல்லாவிட்டால் பிழை என்று விதியே போட்டார்கள்.

பல த்ரெட்கள் (ஒரே நிரலுக்குள் இணையாக நடக்கும் வேலைகள்) ஓடும் நிரலிலும் இதைப் பார்க்கலாம். எக்ஸ்86-இல் ஒழுங்காக ஓடிய நிரல் ஆர்மில் உடைந்தால் "ஆர்ம் சிப்பில் பிழை" என்பார்கள். நினைவகத்தில் எழுதும் வரிசையைக் காப்பதாக எக்ஸ்86 வாக்குக் கொடுக்கிறது. ஆர்ம் அந்த அளவுக்குக் கொடுப்பதில்லை. பிழை பெரும்பாலும் நிரலில்தான். அதே நிரல் ஏதோ ஒரு ஆர்ம் சிப்பில் தப்பித்து ஓடினாலும் அது சரியான நிரல் ஆகிவிடாது.

கோடு தெளிவானது என்று சொன்னாலும் அது கசியும். பழைய ஆர்மில் எந்தக் கட்டளை ஓடுகிறது என்று முகவரி காட்டும் நிரல் எண்ணியைப் படித்தால் நடப்புக் கட்டளையைவிட 8 பைட் தள்ளிக் காட்டும். ஒரு கட்டளை முடிவதற்குள் அடுத்தவற்றைத் தொடங்கிவிடும் முதல் சிப்பின் மூன்று கட்டப் பைப்லைன் விட்டுப்போன அடையாளம் அது. பைப்லைன் நீண்ட பிறகும் எல்லாச் சிப்களும் அதைச் சுமந்தன.

இன்னும் பெரிய கசிவு 2018 ஜனவரியில் வெளியான ஸ்பெக்டர் என்ற பாதுகாப்புக் குறை. தேவைப்படலாம் என்று சிப் முன்கூட்டியே யூகித்து ஓட்டி, யூகம் தவறியதும் கைவிட்ட கட்டளைகள் ஆர்க்கிடெக்சரைப் பொறுத்தவரை நடக்கவே இல்லை. ரிஜிஸ்டர், நினைவகம் எதிலும் மாற்றமில்லை. கேஷில் மட்டும் தடம் இருந்தது, தாக்குபவர்கள் நேரத்தை அளந்து அதைப் படிக்க முடிந்தது. சிப் தன் கையேட்டை மீறியதா என்றால், இல்லை. ஒரு கட்டளை எவ்வளவு நேரம் எடுக்கும் என்று கையேடு எதுவும் சொல்லியிருக்கவில்லை. இப்போது ஆர்ம் ஆர்க்கிடெக்சரிலேயே ஒரு பிட் இருக்கிறது: அதை 1 ஆக்கினால், குறிப்பிட்ட சில கட்டளைகள் எடுக்கும் நேரம் அவற்றுக்குள் போகும் தரவைப் பொறுத்து மாறக் கூடாது.